மூலை வெட்டிய கல்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுப்பு மேடைக்குக் கிரானைட் வாங்க வருவார்கள். மீதிப் பேர் என்னைத் தேடி வருவார்கள். அவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். கையில் மஞ்சள் பை இருக்கும், பை கனத்துத் தொங்கும், ஆள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வருவான். "அண்ணா, கொஞ்சம் தனியா வரியா?" என்பான். போனால் பைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுப்பான். "மேலேந்து வுழுந்துதுண்ணா." விழுந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டால், அவன் பார்க்கவில்லை, அவன் சித்தப்பா பார்த்தார், சித்தப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது.

நான் குடிபாலா பக்கத்தில், சித்தூர்–வேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு கிரானைட் பட்டறையில் பிளேடு ஓட்டுகிறவன். கல் அறுப்பது வயிற்றுக்கு. விண்கல் பைத்தியம் எனக்குப் பிடித்தது தற்செயலாகத்தான். திருப்பதியில் ஒரு காலேஜில் கல், மண் பற்றிப் பாடம் நடத்துகிற அம்மா ஒருவர் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். கையில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு கல். அதை மெல்லிசாக ஸ்லைஸ் போட முடியுமா என்று தெலுங்கில் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். தண்ணீரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல் நிறக் கல்லுக்குள் வெள்ளிப் பொட்டுகள் மின்னின. நடுநடுவே கேழ்வரகைத் தூவினாற்போல் உருண்டை மணிகள். கிரானைட்டில் நான் பார்க்காத கோலம் கிடையாது, ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அந்த மணிகள் பூமி உண்டாவதற்கு முன்பே உண்டானவை என்று அந்த அம்மா சொன்னார். கூலி எவ்வளவு என்று கேட்டார். காசு வேண்டாம், ஒரு ஸ்லைஸ் கொடுங்கள் என்றேன்.

அவரே என்னை போனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார். விண்கல் சேர்க்கிறவர்கள், மாற்றிக்கொள்கிறவர்கள், சும்மா வாயைப் பிளந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அவர்கள் எனக்குக் கூரியரில் கல் அனுப்புவார்கள். நான் அறுத்து அனுப்புவேன். கூலிக்கு ஒரு துண்டை வைத்துக்கொள்வேன். அந்தத் துண்டை வேறொருவரிடம் வேறு துண்டுக்கு மாற்றுவேன். இப்படிச் சேர்ந்ததுதான் என் டப்பா. பழைய இனிப்புக் கடை டப்பா, ஈரம் ஏறாமல் இருக்க மாத்திரைப் புட்டிகளில் வருகிற சின்னப் பொட்டலங்களைப் போட்டு வைத்திருந்தேன். விண்கல்லுக்கு ஈரம் ஆகாது. அதற்குள் இருக்கிற இரும்பு துருப்பிடித்துக் கல்லே உதிர்ந்துவிடும். என் மனைவி அந்த டப்பாவைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தால் நான் கத்துகிற கத்து தெருமுனை வரை கேட்கும்.

கல்லைச் சோதிப்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அங்கேயே சங்கு ஊதிவிடலாம். ஒட்டினால் டைல்ஸின் பின்பக்கம், வழவழப்பு இல்லாத பக்கத்தில், அழுத்திக் கோடு போட வேண்டும். சிவப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழுந்தால் அது நம் பூமியின் இரும்புக்கல். கல்லில் ஓட்டை ஓட்டையாகக் காற்றுக் குமிழ் இருந்தால் அது சிட்டம், இரும்பு உருக்கின இடத்தில் கொட்டின கழிவு. அதற்கப்புறமும் சந்தேகம் இருந்தால் ஒரு மூலையை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெள்ளிப்பொட்டும் மணியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதை நான் குரூப்பில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் தெரியுமா? வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. "அரிசிய இழுக்குமாண்ணா?" என்பார்கள். இழுத்தால் கோடி கோடியாகக் கிடைக்கும் என்று யாரோ கதை கட்டிவிட்டு, எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பம் அதில் நாசமாகிவிட்டது. "ஆமா, அரிசிய இழுக்கும், பருப்ப இழுக்கும், பின்னாலயே சாம்பாரும் வரும். எடுத்துக்கினு கெளம்பு" என்று விரட்டுவேன். எனக்கு வாய் அப்படி. கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, தோன்றி என்ன பிரயோஜனம்.

என் தங்கையைப் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறோம். ஊரில் என்று சொல்கிறேன், ஊரைத் தாண்டி இருக்கிற காலனியில். எங்கள் குடும்பமும் சரி, அவர்கள் குடும்பமும் சரி, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, கரும்பு வெட்டி வயிறு கழுவினவர்கள்தான். என் தங்கையின் கணவருடைய தகப்பனார் காலத்தில் சர்க்கார் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுத்தது. மலையடிவாரத்தில், ஒரு குண்டூசியை நட இடம் இல்லாத கல்லுக்காடு. நல்ல நிலமாக இருந்தால் எங்கள் ஆட்களுக்கு ஏன் கொடுக்கப் போகிறார்கள்? ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். தகப்பனாரும் மகனும் வருஷக்கணக்காகக் கல் பொறுக்கினார்கள். பொறுக்கின கல்லில் வரப்பு போட்டார்கள், கிணற்றுக்குச் சுவர் வைத்தார்கள். அப்புறம் வேர்க்கடலை போட்டார்கள், நாலு மாங்கன்று வைத்தார்கள். மாப்பிள்ளை எனக்கு வயதில் இரண்டு மூன்று மாசம் சின்னவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார்.

என் டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவருக்குக் கல் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லையே, நிலம் முழுக்கக் கல்தான். ஏர் ஓட்டும்போது, களை எடுக்கும்போது, எது கொஞ்சம் கறுப்பாக, கனமாக இருக்கிறதோ அதை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு குவியலே உண்டாகிவிட்டது. "வூட்ல சோறாக்க வெறகு இல்ல, இந்த மனுசன் கல்லு பொறுக்கிக்கினு வராரு. நீதாண்ணா கெடுத்த" என்று தங்கை என்னைத்தான் திட்டுவாள். மாசத்துக்கு ஒருமுறை மாப்பிள்ளை டிவிஎஸ் வண்டியில் இரண்டு கல்லை வைத்துக்கொண்டு குடிபாலாவுக்கு வருவார். நான் காந்தத்தை வைப்பேன், கோடு போடுவேன், "சிட்டம் மாப்ள" என்பேன். "சரி உடு மச்சான், அடுத்த வாட்டி பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போவார். போகும்போது கல்லையும் எடுத்துக்கொண்டு போவார். "சிட்டத்த எதுக்கு சுமக்கற?" என்று கேட்டால், "என் நெலத்துக் கல்லு மச்சான், இங்க ஏன் கெடக்கணும்" என்பார்.

ஒரு நாள் அவருக்கு நான் ஒரு விஷயம் சொன்னேன். விண்கல் கிடைத்தால் காசு எதுவும் வராது, நம் நாட்டில் அதைச் சர்க்காரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடத்தின் பேரைத்தான் கல்லுக்கு வைப்பார்கள். உலகம் பூராவும் அந்தப் பேரில்தான் அதைக் கூப்பிடுவார்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை என்னையே பார்த்தார்.

"ஊரு பேரு வெப்பாங்களா மச்சான், காலனி பேரு வெப்பாங்களா?"

அவர்கள் காலனிக்கு ஒரு நல்ல பேர் உண்டு. அவர் தகப்பனார் காலத்து ஆட்கள் கூடிப் பேசி வைத்த பேர். ஆனால் அதை யாரும் சொல்வது கிடையாது. பஸ் கண்டக்டர் "காலனி ஸ்டாப்" என்பான். ரேஷன் கார்டில் ஊர் பேர்தான். கல்யாணப் பத்திரிகையில் அடித்தால் மட்டும் அந்தப் பேரைப் பார்க்கலாம், அதுவும் அவர்கள் வீட்டுப் பத்திரிகையில். "மொதல்ல கல்லு கெடைக்கட்டும் மாப்ள" என்று மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அவர் தேடியது கல்லை இல்லை, அந்தப் பேருக்கு ஓர் இடத்தை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே நான் அப்படிச் செய்தேன்.

நடந்தது இதுதான். குரூப்பில் ஒருவரிடம் என் துண்டுகளில் நல்லது மூன்றைக் கொடுத்து, உள்ளங்கை அளவு இரும்பு விண்கல் ஒன்றை மாற்றி வாங்கியிருந்தேன். சும்மா இருந்தேனா? பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன், குரூப்பில் போட்டோ போட்டேன், சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பந்தியில் காட்டினேன். நிஜமான இரும்பு விண்கல்லைத் தேய்த்து ஆசிட் தடவினால் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னினாற்போல் கோடுகள் எழும்பும். ஒரு நாள் காலையில் தேய்த்துத் தடவினேன். ஒரு கோடும் எழும்பவில்லை. இன்னும் தேய்த்தேன். உள்ளே குமிழ்தான் தெரிந்தது. வார்ப்பு இரும்பு. ஏதோ மில் கழிவைத் தீயில் கருக்கி என் தலையில் கட்டிவிட்டான். குரூப்பில் கேட்டால் ஆளைக் காணோம், வெளியேறிவிட்டான். ஊருக்கெல்லாம் சிட்டம் சிட்டம் என்று சொன்ன நான் சிட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்தும்போதே முகமெல்லாம் பல். துண்டில் சுற்றி ஒரு கல், தேங்காய் அளவு இருக்கும், பழுப்பு நிறம்.

"மச்சான், கெணத்து மேட்டாண்ட கடப்பாரை போட்டேன். ணங்குனு சத்தம். தூக்கிப் பாரு, எம்மாம் வெயிட்டு கீது!"

தூக்கிப் பார்த்தேன். கனம்தான். காந்தத்தை வைத்தேன். ஒட்டியது, ஆனால் பாய்ந்து ஒட்டவில்லை. டைல்ஸில் இழுத்தேன், மங்கலாகத் துரு நிறத்தில் ஒரு கோடு. ரொம்ப நாள் மண்ணில் கிடந்த விண்கல்லின் மேல்தோல் துருவேறிப் பழுப்பாகும், கோடும் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் அன்றைக்கு என் மண்டையில் இல்லை.

"சிட்டம்" என்றேன்.

"குமிழே இல்லியே மச்சான்."

"அப்ப இரும்புக்கல்லு. எதுவோ ஒரு எழவு."

"நீதான சொல்லுவ, உள்ள பாக்காம சொல்லக் கூடாதுன்னு. ஒரு மூலைய மட்டும் கட் பண்ணு மச்சான். பாத்துட்டு சொல்லு. இல்லன்னா உட்டுடலாம்."

எரிச்சலோடு கல்லை பிளேடில் கொடுத்து ஒரு மூலையைச் சீவினேன். சேற்றுத் தண்ணீரோடு விழுந்த துண்டைக் கழுவக்கூட இல்லை. மேஜை டிராயரில் வீசிவிட்டு, பெரிய கல்லை அவர் கையில் திணித்தேன். "அப்பால தேச்சுப் பாக்கறேன். நாஸ்தி பண்ணாத, வேல கெடக்குது."

அவர் நகரவில்லை. துண்டில் கல்லைச் சுற்றிக்கொண்டே, "இது நெஜமா இருந்தா, காலனி பேரு வெப்பாங்க இல்ல மச்சான்?" என்றார்.

"சிட்டத்துக்கு எவன் பேரு வெப்பான்? போய் கடலக்காய்க்குத் தண்ணி கட்டு, போ."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் டீ குடிக்கவில்லை. "இன்னொரு வாட்டி பாரு மச்சான், மெதுவா பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் என்னிடம் நேரில் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்கப்புறம் இரண்டு தரம் போன் செய்தார். கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. மழை எப்படி, பிள்ளைகள் எப்படி என்றுதான் கேட்டார். நான் தேய்த்துப் பார்த்திருப்பேன், நானாகச் சொல்வேன் என்று நினைத்திருப்பார் போல. எனக்கு டிராயர் ஞாபகமே இல்லை. மழை பிடித்த பிறகு ஒரு நாள் மத்தியானம், மோட்டார் போடப் போன மனுஷன் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. என் தங்கை அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு ஏரிக்கரையில் கல் நடுவார்கள். செத்தவரை அந்தக் கல்லில் வரச் சொல்லிக் கூப்பிட்டு, மஞ்சள் தண்ணீர், பால் எல்லாம் ஊற்றிக் குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். அந்த நேரத்துக்கு அந்தக் கல்தான் அவர். அப்புறம் கல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெரும்பாலும் செங்கல்லோ, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கல்லோதான் நடுவது. மாப்பிள்ளையின் மகன் சென்னையில் வேலை பார்க்கிறவன், கருமாதிக்கு முந்தின நாள் என்னிடம் வந்தான்.

"மாமா, நைனா சேத்து வெச்ச கல்லுல ஒண்ண நட்டா ஆறுதலா இருக்கும்னு அம்மா சொல்லுது. நீயே பாத்து எடுத்துக் குடு. நெஜக் கல்லு ஏதாவது இருந்து, அதப் போய் தண்ணில உட்டுடப் போறோம்."

"இதுல நெஜம் எங்கடா கீது" என்றேன்.

குவியல் முன்னால் குந்தி ஒவ்வொரு கல்லாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் உருண்டை, எதுவும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று நன்றாக நின்றது. மூலை சீவினதால் அதற்கு அடியில் தட்டையான ஒரு முகம் இருந்தது. என் பிளேடு போட்ட முகம். இது வசதியாக இருக்கிறது என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பால் ஊற்றினார்கள், பொட்டு வைத்தார்கள். அவருக்குப் பிடித்த வேர்க்கடலையும் கருவாட்டுக் குழம்பும் படைத்தார்கள். தாய் வீட்டுக் கோடிச் சேலையை நான் தங்கைக்குப் போர்த்தினேன். ஏரியின் தெற்கு மூலைதான் எங்கள் ஆட்களுக்கு, ஊர்க்காரர்களுக்கு வேறு கரை. மகன் கல்லை எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழம் இறங்கி, அதைத் தண்ணீரில் விட்டான். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

ஒரு மாசம் கழித்து, டேப்பைத் தேடி டிராயரை இழுத்தபோது அந்தத் துண்டு உருண்டு வந்தது. காய்ந்த சேறு அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவருக்காகத்தான் உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தேன். பழுப்புத் தோல் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. அப்புறம் ஒரு வெள்ளிப் பொட்டு. இன்னொன்று. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் கேழ்வரகு மணிகள். ஐயோ என்று நான் கத்தினதில் பிளேடு ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் கை வெட்டுப்பட்டுவிட்டதோ என்று ஓடி வந்தார்கள்.

மறுநாளே சித்தூரில் திருப்பதி பஸ் பிடித்தேன். பஸ் நிறைய மொட்டை அடிக்கப் போகிற குடும்பங்கள், கோவிந்தா கோவிந்தா என்று ஒரே சத்தம். நானும் ஒன்று வேண்டிக்கொண்டேன். இது விண்கல்லாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த அம்மா துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், அப்புறம் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நிஜம்தான், சந்தேகமே இல்லை, புதுசு, எங்கே கிடைத்தது என்று மூச்சு விடாமல் பேசினார். இந்தத் துண்டு மட்டும் போதாது, முழுக்கல்லையும் எடை போட்டு ஒப்படைத்தால்தான் பேர் வைக்க எழுதிப் போட முடியும் என்றார். "மிகிலின ராயி எக்கட உந்தி?" என்று கேட்டார். மீதிக் கல் எங்கே.

"செருவுலோ உந்தி மேடம்" என்றேன். ஏரியில் இருக்கிறது. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது? கோடிச் சேலை போர்த்தின அண்ணன் போய், உன் புருஷன் சொன்னது நிஜம், நான்தான் அதை எடுத்து ஏரியில் போடச் சொன்னேன் என்று சொல்ல முடியுமா? பொங்கலுக்குப் போனேன், சொல்லவில்லை. அறுவடைக்குப் போனேன், சொல்லவில்லை. குரூப்பில் இருந்து சத்தமில்லாமல் விலகிவிட்டேன். மஞ்சள் பையோடு வருகிறவர்களிடம் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா மட்டும் அடிக்கடி போன் செய்து, தண்ணீர் வற்றிவிட்டதா என்று கேட்பார். வெயில் ஏற ஏற எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரையில் ஏரி வற்றிவிட்டது. ஒரு நாள் காலையில் காந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்குப் போனேன். தெற்கு மூலையில் இறங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே கிடந்தது ஒரு கல் இல்லை. வெடித்த சேற்றில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிந்துகொண்டு நூற்றுக்கணக்கான கற்கள். செங்கல், கருங்கல், கூழாங்கல். காலனியில் செத்த ஒவ்வொருவரும் அங்கே கிடந்தார்கள். சிலவற்றில் மஞ்சள் கறைகூடப் போகவில்லை. நான் குச்சியை நீட்டி முதல் கல்லைத் தொட்டேன். இது யார் வீட்டு ஆளோ என்று தோன்றியதும் கை பின்னால் வந்துவிட்டது. இருந்தும் தேடினேன். ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காந்தத்தை வைத்தேன். உச்சி வெயில் வரைக்கும் தேடியிருப்பேன்.

"இன்னாண்ணா பண்ற இங்க?"

கரைமேல் தங்கை நின்றாள். ஆடு மேய்க்கிற யாரோ போய், உங்கண்ணன் கருமாதிக் கல்லையெல்லாம் கிளறிக்கொண்டு இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க வந்திருந்தாள். எனக்கு ஓடி ஒளிய இடம் இல்லை. சேற்றில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட், டிராயர், மைக்ராஸ்கோப், என் பிளேடு, ஒன்றையும் மறைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். வெயிலில் பொட்டுகள் மின்னின.

அவள் அதை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவுரு சொன்னது நெஜமா?"

"நெஜம்."

"நான்கூட எம்மாம் திட்டிட்டேன்ணா. கல்ல கட்டிக்கினு அழு, கல்லயே துன்னுன்னு." அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "நீயாவது நம்பியிருக்கலாம் இல்ல? உனக்குத் தெரியும்னுதான அந்த மனுசன் உங்கிட்ட ஓடி ஓடி வந்துச்சு. அவுரு இருக்கறப்ப சொல்லாம, இப்ப எங்கிட்ட வந்து சொல்ற."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் எழுந்து தேடினாள். அவள்தான் கண்டுபிடித்தாள். கவிழ்ந்து கிடந்த கல், மேல்பக்கம் தட்டையான முகம், அதில் புதுத் துரு படிந்திருந்தது. நான் காந்தத்தை வைத்தேன். ஒட்டியது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் சேற்றைத் துடைத்தாள்.

"இத அந்த மேடமாண்ட குடுத்தா பேரு வெப்பாங்கம்மா" என்றேன். "காலனி பேரு. அவருக்கு அதான் ஆச."

"தெரியும். எங்கிட்டயும் சொல்லிக்கினே இருப்பாரு." கல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆனா இதுல அவர கூப்ட்டு உக்கார வெச்சோமேண்ணா. சோறு போட்டு, போய்ட்டு வான்னு தண்ணில உட்டோம். அந்த மனுசன மறுபடி தூக்கியாந்து அறுக்கறதுக்குக் குடுக்க நான் ஒத்துக்கமாட்டேன். அவுங்க அறுப்பாங்கதான?"

அறுப்பார்கள். எனக்குத் தெரியாதா? தலையை ஆட்டினேன்.

"அப்ப வேணாம்." கல்லை என் பக்கமாகத் திருப்பிச் சேற்றில் நிறுத்தினாள். தட்டையான முகம் கீழே போனதும் அது கருமாதி அன்றைக்கு நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்றது. "சொல்லு."

"யாருக்கு?"

"அவருக்குதான். உங்கிட்டதான கேட்டாரு. பதில் சொல்லாம அனுப்பிச்சிட்ட இல்ல? இப்ப சொல்லு."

நான் வெட்கம் பார்க்கவில்லை. கல்லுக்கு எதிரில் குந்தினேன். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன வாய், இரண்டு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. தங்கை பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள," என்றேன், "மெதுவா பாத்தேன். மேலேந்து வந்த கல்லுதான். காலனி பேருதான் வெப்பாங்க மாப்ள."